ஆயாவும் கடல் பாலமும்

சென்ற வாரம் பேரனோடு கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காந்தி சிலைக்கு எதிரே அலை உள்வாங்கும்போது கடலில் கறுப்பாகச் சில கம்பங்கள் தலைகாட்டும், பார்த்திருப்பீர்கள். "அது என்ன தாத்தா?" என்றான். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பாலம் என்றேன். "பாலம்னா அந்தப் பக்கம் எந்த ஊரு?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சைகோன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது பிரெஞ்சில். தமிழில் தப்பு இருந்தால் வழக்கம்போலப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரிக் கடலோரம் ஆழம் குறைவு. அலையும் முரடு. பெரிய கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்குப் படகில்தான் போய் வர வேண்டும். கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்துகொடுக்கும். இந்தச் சலங்கைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷெலாங்க்' என்று தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய்ப் படகில் ஏற வசதியாக 1860களில் இரும்புக் கால்களை ஊன்றி அந்தப் பாலத்தைக் கட்டினார்கள். மேலே தண்டவாளம், கிரேன் எல்லாம் உண்டு. 1879-ல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்த பிறகு சரக்கு இன்னும் பெருகியது. நம் ஊர் ஆலைகளில் நெய்து நீலம் தோய்த்த கினேத் துணி செனெகலுக்குப் போயிற்று. தென்னாற்காட்டு மல்லாட்டை மூட்டை மூட்டையாக மார்செய்க்குப் போயிற்று. அங்கே அதை ஆட்டி எண்ணெயும் சோப்பும் செய்தார்கள்.

சரக்குக்காகக் கட்டிய பாலத்தில் சாயங்காலம் ஜனங்கள் காற்று வாங்கப் போனார்கள். எங்கள் வீடு வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில். கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்கள். அந்தத் தெருக்களில் எங்களவர்களுக்கு வேலை இருந்தால்தான் போவார்களாம். கடற்கரைக்குப் போகும்போது மட்டும் அவற்றைக் குடும்பத்தோடு, நல்ல துணி உடுத்தி, பேசிக்கொண்டே கடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எங்கள் ஆயா தலைமையில் ஊர்வலம் கிளம்பும் என்று அப்பா சொல்வார். மடியில் வறுத்த மல்லாட்டை. பாலத்தின் முனைவரை போய் நின்றுவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார்கள். விளக்கு என்றால் 1836-ல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம். இப்போதும் கட்டடம் நிற்கிறது, எரிவதில்லை.

ஆயா முனைவரை போனதற்குக் காரணம் இருந்தது. பெரியப்பா அந்த முனையில்தான் படகேறி சைகோனுக்கு, அங்கே ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனார். அப்போதெல்லாம் நம் ஊர் ஆட்கள் இந்தோசீனாவில் வேலை பார்ப்பது சர்வ சாதாரணம். மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். நடுவில் உலக யுத்தம் வந்தது. கடிதம் நின்றது. பிறகு அங்கேயே இன்னொரு யுத்தம். ஆயா ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. வேண்டுதல் மாதிரி போய் வந்தார். பேரப்பிள்ளைகளுக்கு அது உல்லாசப் பயணம். ஆயா எதற்காக வந்தார் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை என்று அப்பா ஒரு முறை சொன்னார், சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

1952 நவம்பர் கடைசியில் புயல் வந்தது. பாலம் போயிற்று. நான் அப்போது கைக்குழந்தை. இரண்டு வருஷத்தில் பிரெஞ்சுக்காரனும் போனான்.

பெரியப்பா 1956-ல் திரும்பி வந்தார். கொழும்பில் இறங்கி, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடல் தாண்டி, போட் மெயிலில் விழுப்புரம் வந்து, அங்கிருந்து நம்மூர் ரயில். வாசலில் ஜட்கா வண்டியிலிருந்து இறங்கிய பிள்ளையைப் பார்த்து ஆயா கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா, ஸ்டேஷன் வழியாவா வந்தே?" வீடே சிரித்ததாம். ஆயா சிரிக்கவில்லை.

1960களின் தொடக்கத்தில் தெற்கே, வம்பாகீரப்பாளையத்துக்குப் பக்கத்தில், சிமெண்டில் புதுப் பாலம் வந்தது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அப்பா எங்களை அழைத்துப் போவார். தூண்டில் போடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், நாங்கள் அவர்கள் கூடையை எட்டிப் பார்ப்போம். கீழே பார்த்தால் கால்களுக்கு நடுவே அலை புகுந்து கரைக்குப் போவது தெரியும். ஆயாவையும் கூப்பிட்டோம். ஒரே ஒரு தடவை வந்தார். பாதிவரை நடந்து, "இது வேற பாலம்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

கால்களுக்கு நடுவே அலை போனதென்றேனே, அதோடு மணலும் போயிற்று. நம் கரையோரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பாலங்களும் அதை மறிக்கவில்லை. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே நாங்கள் உட்கார்ந்து சுண்டல் தின்ற மணல்வெளியைக் கடல் தின்றது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல்லைக் கொட்டினார்கள். நான் அரசாங்கத்தில் கோப்பு எழுதியே வயதானவன், யார் தவறு என்று எழுதுவது என் பழக்கமில்லை. ஆனாலும் 1860களில் கட்டியவனுக்குத் தெரிந்தோ தெரியாமலோ சரியாக அமைந்த ஒன்று பின்னால் வந்தவர்களுக்கு அமையவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்ட பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. என் பேரன் கால் வைத்து விளையாடுவது அந்த மணலில்தான்.

2022 மார்ச்சில் புதுப் பாலமும் நடுவில் இடிந்து கடலில் விழுந்தது. மறுநாள் பத்திரிகையில் 'பழைய துறைமுகப் பாலம்' என்று போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது கடைசிவரை புதுப் பாலம்தான்.

பேரன் கம்பங்களை எண்ண ஆரம்பித்தான். அலைக்கு அலை கணக்கு மாறியது. விளக்குப் போடும் நேரமாகிவிட்டது என்று அவனை வீட்டுக்கு அழைத்து வந்தேன்.