பனியும் சில்லும்: ஒரு சிறு வரலாறு

ஐப்பசி பிறந்ததும் ஜேர்மனியின் ரயர்க் கடைகளில் வரிசை நீளத் தொடங்கிவிடும். ஒக்ரோபர் முதல் உயிர்த்த ஞாயிறு வரை பனிக்கால ரயர் என்பது இந்நாட்டவரின் வாய்ப்பாடு. அவ்வரிசையில் எமது இளைஞரையும் காண்கின்றோம். அவர்களிற் பலர் விரும்பி வாங்குவது கோல்வ் ஜி.ரி.ஐ. போன்ற, உருவிற் சிறிய, வேகத்திற் பெரிய கார்களையே. அக்காருக்குச் சில்லுத் தெரியும்போது அழகை முன்னிறுத்துவதா, உயிரை முன்னிறுத்துவதா என்ற கேள்விக்கு வரலாறே விடை கூறுகின்றது.

பனிக்கால ரயரின் வரலாறு பின்லாந்தில் தொடங்குகின்றது. நொக்கியா நகரின் இறப்பர்த் தொழிற்சாலை 1934இல் பாரவண்டிகளுக்கெனப் பனிக்கால ரயரை உருவாக்கியது. 1936இல் கார்களுக்கான ‘ஹக்கப்பெலீத்தா’ வந்தது. 1952இல் ஜேர்மனியின் கொன்ரினென்ரல் நிறுவனம், சேறு, பனி என்பவற்றைக் குறிக்கும் ‘எம்.எஸ்.’ ரயரை விற்பனைக்கு விட்டது. 1960களில் இரும்பாணி பதித்த ரயர்கள் பரவின. அவை பனிக்கட்டியைப் பற்றின, வீதியையும் கிழித்தன. ஆதலால் மேற்கு ஜேர்மனி 1975இல் அவற்றைத் தடைசெய்தது. ஆணி செய்த வேலையை இறப்பரே செய்யவேண்டியதாயிற்று.

அதே 1975இல் பிராங்க்பேர்ட் வாகனக் கண்காட்சியில் கோல்வ் ஜி.ரி.ஐ. அறிமுகமானது; மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் வலு 110 குதிரைவலு. 5,000 கார்கள் விற்றாற் போதுமென எண்ணப்பட்டது; முதற் தலைமுறையே 4 இலட்சத்தைத் தாண்டியது. அக்கார் அணிந்திருந்தது 13 அங்குலச் சில்லும் 175 மி.மீ. அகல ரயருமே. 2004இல் வந்த ஐந்தாந் தலைமுறையில் அது 17 அங்குலமும் 225 மி.மீற்றருமாக வளர்ந்தது. 18, 19 அங்குலச் சில்லுகளும் பின்னர் வழக்கமாகின.

காய்ந்த வீதியில் அகலம் நன்மையே. இளகிய பனியிலோ அகன்ற ரயர் மிதக்கும்; ஒடுங்கியது அமிழ்ந்து வீதியைத் தேடும். ஆகவே, வாகனப் பத்திரம் அனுமதிக்கும் அளவுகளுள், முன் பிறேக்கில் முட்டாத மிகச் சிறிய சில்லைத் தெரிவதே அறிவுடைமை. அதில் ரயரின் பக்கச்சுவர் உயர்வதால், பனி மறைத்த குழியில் விழுந்தாலும் றிம் தப்பும்; விலையுங் குறையும். கோடைக்கால இறப்பர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனிக்கால இறப்பரோ குளிரிலும் இளக்கமாக இருக்கும். அதன் மெல்லிய வெட்டுக்கள் பனியைக் கவ்வும்.

முன்சில்லுகளே காரை இழுக்கின்றன என்று இரண்டு ரயர் மட்டும் மாற்றுவோர் எம்மிடையே உளர். இது பெருந் தவறு. முன்புறம் பற்றிக்கொள்ள, பின்புறம் வழுக்கிச் சுழலும். நான்கும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்.

சட்டமும் படிப்படியாக இறுகியது. பனியும் பனிக்கட்டியும் உள்ள வீதியில் பனிக்கால ரயர் கட்டாயம் என்பதை ஜேர்மனி 2010 டிசெம்பரில் தெளிவாக விதித்தது. 2024 ஒக்ரோபர் முதல் ‘எம்.எஸ்.’ எழுத்து மட்டும் போதாது. மலைக்குள் பனிப்பூ வரைந்த குறியும் வேண்டும். பழைய ரயர் வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்கவேண்டும். அவை தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் கூறும். சட்டம் கேட்கும் தவாளிப்பு ஆழம் 1.6 மி.மீ.தான், பனிக்கோ 4 மி.மீ. வேண்டுமென்பது வல்லுநர் கருத்து.

இறுதியாக ஒன்று. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்த பிரேசில் இறப்பர்க் கன்றுகளிற் சுமார் 1,900 இலங்கைக்கே அனுப்பப்பட்டன. பின்னர் இலங்கையிலும் மலாயாவிலும் எழுந்த தோட்டங்களில் மரம் வெட்டிப் பாலெடுத்த கைகளுட் பல தமிழ்க் கைகள். குளிரில் இறுகாத அந்த இயற்கை இறப்பர் பனிக்கால ரயர்களில் இன்றுஞ் சேர்கின்றது. பனியையே அறியாத எமது முன்னோரின் உழைப்பு பனிநாட்டிலே எமது பிள்ளைகளின் உயிரைத் தாங்குகின்றது. பளபளக்கும் பெரிய சில்லுக்காக அதைக் கைவிடலாமா?