ஒட்டகம் போட்ட சைக்கிள் பாதை

மாற்றலாகி ஜோத்பூர் வந்த புதிதில் எங்க வீட்டுப் பசங்களுக்கு ஒட்டகம்தான் பெரிய வேடிக்கை. அதன் பாதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? குதிரைக் குளம்பு மாதிரி மண்ணைக் கொத்தாது, மெத்தென்று அமுக்கும். இதற்கும் ஆஸ்திரேலிய சைக்கிள் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா?

1892-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கூல்கார்டியில் தங்கம் கிடைத்தது. தங்கம் இருந்தது, தண்ணீர் இல்லை. உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வடித்து காசுக்கு விற்றார்கள். மனுஷனுக்கே இந்தக் கதி என்றால் குதிரைக்கு எங்கே போவது? சைக்கிளுக்குத் தீனியும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். சுரங்க முகாம்களுக்குக் கடிதமும் தந்தியும் சைக்கிளில் போயின. ரோடு? ஒட்டக வரிசைகள் நடந்து நடந்து இறுகிப்போன ஒற்றையடித் தடங்கள்தான். சக்கரம் மணலில் புதையாமல் ஓட அதைவிட நல்ல வழி அங்கே கிடையாது.

அந்தக் கூல்கார்டியிலிருந்து 1896 நவம்பரில் கிளம்பிய ஆர்தர் ரிச்சர்ட்சன், மரமே இல்லாத நல்லர்பார் சமவெளியைத் தாண்டி 31 நாளில் அடிலெய்டு சேர்ந்தார். அது போதாதென்று 1899 ஜூன் 5-ம் தேதி பெர்த்தில் கிளம்பி, ஆஸ்திரேலியாவையே ஒரு சுற்று சுற்றிவிட்டு 1900 பிப்ரவரி 4-ம் தேதி திரும்பினார். சுமார் 18,500 கிலோமீட்டர்! இடையில் 1897-ல் ஜெரோம் முரிஃப் அடிலெய்டிலிருந்து டார்வின் வரை ஓட்டினார், அதுவும் பைஜாமா போட்டுக்கொண்டு. (அந்த வார்த்தையும் இங்கிருந்து போனதுதான் :-))

சரி, அந்த ஒட்டகங்கள் எங்கிருந்து வந்தன? 1866-ல் தாமஸ் எல்டர் என்ற தொழிலதிபர் கராச்சியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும், கூடவே 31 ஒட்டகக்காரர்களையும் கப்பலில் இறக்கினார். பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. ஓட்டி வந்தவர்கள் சிந்து, பலுசிஸ்தான், பஞ்சாப், பெஷாவர், ஆப்கானிஸ்தான் என்று பல ஊர்க்காரர்கள், பல பாஷைக்காரர்கள். அத்தனை பேருக்கும் அங்கே ஒரே பெயர், 'ஆப்கன்'. வடக்கே வந்த நம்மை, மதுரையோ மங்களூரோ, மொத்தமாக 'மதராஸி' ஆக்குகிற மாதிரிதான்.

சைக்கிள்காரர்களின் பெயர், தேதி, மைல் கணக்கு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தடம் போட்டவர்களில் பலர் பெயர்கூட ஒழுங்காகப் பதிவாகவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். 1901-ல் வெள்ளையர் அல்லாதவரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் வந்தது. பல வருஷம் அங்கேயே உழைத்தவர்கள் குடியுரிமை கேட்டபோதும் பலருக்கு இல்லை என்றுதான் பதில்.

1920-களில் லாரி பெருகியதும் ஒட்டகங்களுக்கு வேலை போயிற்று. பலவற்றை அப்படியே அவிழ்த்துவிட்டார்கள். 1925-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் அவற்றைக் கொல்வதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். தப்பித்தவற்றின் வாரிசுகள் இன்றும் அந்தப் பாலைவனத்தில் காட்டு ஒட்டகங்களாகத் திரிகின்றன.