விளிம்பில் ஒரு பெயர்

நவம்பர் 11-ஆம் நாளைத் திருச்சபை தூர் நகர் ஆயரான புனித மார்ட்டினின் திருநாளாகச் சிறப்பிக்கின்றது. ஆயராகுமுன் அவர் உரோமைப் படைவீரர். நான்காம் நூற்றாண்டின் கடுங்குளிர் நாளொன்றில், அமியேன் நகர வாயிலில் நடுங்கி நின்ற வறியவர் ஒருவருக்குத் தம் மேற்போர்வையை வாளால் வெட்டிப் பாதியை அளித்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. அப்போர்வை என நம்பப்பட்ட துணியைப் பிராங்கு மன்னர்கள் அருளிக்கமாகப் போற்றினர். போர்க்களத்திற்கும் எடுத்துச் சென்றனர். 'கப்பா' என்னும் மேலாடையின் இலத்தீன் பெயரிலிருந்தே, அதை வைத்திருந்த இடம் 'கப்பெல்லா' ஆயிற்று; அதைக் காத்த குருக்கள் 'கப்பெல்லானி' ஆயினர். சிற்றாலயத்தையும் படைவீரரின் ஆன்ம குருவையும் குறிக்கும் இன்றைய ஐரோப்பியச் சொற்கள், இவ்வாறு ஒரு வீரனின் ஆடையிலிருந்து பிறந்தவை.

அதே நவம்பர் 11-இல்தான், 1918-ஆம் ஆண்டு, முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் மேற்கு முனையில் ஓய்ந்தன. அப்போரின் தலைக்கவசங்களும் சீருடைப் பொத்தான்களும் பதக்கங்களும் இன்று உலகெங்கும் சேகரிப்போரின் பெட்டிகளில் உள்ளன. விரும்பப்படும் பொருளுக்குப் போலி தோன்றுவது புதிதன்று. அருளிக்கங்களை வைத்து வணிகம் பெருகியபோது, 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் அவற்றை விற்பனைக்கு வைப்பதைத் தடைசெய்தது. புதிதாகக் கிடைப்பவற்றைத் திருத்தந்தையின் ஒப்புதலின்றி வணங்கலாகாது என்றும் விதித்தது. முத்திரையும் சான்றுக் கடிதமும் இல்லாத அருளிக்கத்தைப் பொது வணக்கத்திற்கு வைக்க இன்றும் திருச்சபை இசைவதில்லை.

போர்ப்பதக்கத்திற்குச் சான்றுக் கடிதம் அதன் விளிம்பிலேயே உள்ளது. 1919-இல் ஏற்படுத்தப்பட்ட பிரித்தானியப் போர்ப்பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளி வட்டம் அது. முன்புறத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. பின்புறத்தில் குதிரைமேல் ஒரு வீரன். ஏறக்குறைய 65 இலட்சம் பதக்கங்கள் வெள்ளியில் வழங்கப்பட்டன. உருவம் எல்லாவற்றிலும் ஒன்றே. ஆனால் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மனிதன் தென்படுவான்: அவனது படை எண், தகுதி, பெயர், படைப்பிரிவு.

ஆகவே ஆய்வாளர் முதலில் நோக்குவது விளிம்பைத்தான். எழுத்துகள் அச்சுக்கருவியால் அழுத்திப் பதிக்கப்பட்டவையா, பின்னாளில் ஊசியால் கீறப்பட்டவையா? எழுத்தின் வடிவம் அக்காலத்து முறையோடு ஒத்துள்ளதா? பழைய பெயரை அராவி எடுத்துவிட்டுப் புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயரைப் பொறித்திருந்தால், விளிம்பு சிறிதேனும் தேய்ந்திருக்கும். விட்டத்தை நுண்கருவியால் அளந்தால் குறை வெளிப்படும். பின்னர், அவ்வீரன் அப்பிரிவில் இருந்தானா என்று பதிவேடுகளோடு ஒப்பிட வேண்டும். பிரித்தானியப் படையினரின் பதக்கப் பதிவேடுகள் இலண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இதே பதக்கம் வெண்கலத்திலும் உண்டு. சுமை தூக்கியும் பாதை வெட்டியும் பணிபுரிந்த தொழிலாளர் படைகளைச் சேர்ந்த சீனர், மால்டா தீவினர், இந்தியர் முதலியோருக்கு அது வழங்கப்பட்டது. ஏறத்தாழ 1,10,000 மட்டுமே. அன்று தாழ்ந்தவர்க்கெனத் தாழ்ந்த உலோகத்தில் வார்த்தது, இன்று அரிதென்பதால் வெள்ளியினும் உயர்ந்த விலை பெறுகிறது. வெள்ளிக்கோ வேறு கதி நேர்ந்தது. 1980-இன் தொடக்கத்தில் வெள்ளி விலை வானளாவ ஏறியபோது, எண்ணற்ற பதக்கங்கள் உலைக்குச் சென்றன. ஒவ்வொன்றோடும் ஒரு பெயரும் உருகியது.

ஒரு பெயர் போனால் என்ன என்று கேட்கலாம். ஈராக்கின் பாஸ்ரா நினைவுச்சின்னம் இதற்கு விடை கூறும். மெசப்பொத்தாமியாவில் மடிந்து, கல்லறை அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக 1929-இல் திறக்கப்பட்டது அது. அங்கே பிரித்தானிய வீரர் அனைவரின் பெயரும், இந்திய அதிகாரிகளின் பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களோ படைப்பிரிவின் கீழ் வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்டனர். போர்க் கல்லறைகளைப் பேணும் காமன்வெல்த் ஆணையத்துக்கு 2021-இல் அளிக்கப்பட்ட அறிக்கை, 45,000 முதல் 54,000 வரையிலான இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் சமமின்றி நினைவுகூரப்பட்டதையும், மேலும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாததையும் எடுத்துரைத்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

மெசப்பொத்தாமியா நமக்கு அந்நியமன்று. மதராஸ் சாப்பர்கள் அங்கே பாலம் அமைத்தனர், போரிட்டனர், மாண்டனர். நம் ஊர்கள் சிலவற்றில், இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று கூறும் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். அவற்றிலும் எண்களே உள்ளன. கல் பெயரைக் கூற மறுத்த இடத்தில், அதே அரசு வழங்கிய பதக்கத்தின் விளிம்பு அதைச் சுமந்து நிற்கிறது. கல்லில் இடம் பெறாத சிப்பாய்க்குக் கைவிரல் அளவுகூட இல்லாத அவ்வரியே சில வேளைகளில் கல்லறை வாசகம்.

இவ்வாறு நோக்கும்போது, போலியை உண்மையினின்று பிரிக்கும் பணி விலை குறிக்கும் பணி மட்டுமன்று. விளிம்பை அராவியவன் வாங்குபவனை மட்டும் ஏமாற்றவில்லை; இறந்தவன் ஒருவனை இரண்டாம் முறை புதைத்திருக்கிறான். நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. எண்ணிக்கை சொல்லி அழைப்பதாகக் கூறவில்லை.

நம் இல்லங்களின் பழைய பெட்டிகளில் எங்கேனும் இத்தகைய பதக்கம் கிடக்கலாம். புளியும் சாம்பலும் இட்டுத் துலக்க வேண்டா. தேய்வது வெள்ளி மட்டுமன்று. தட்டானிடம் எடை போடுமுன் விளிம்பைத் திருப்பி, அங்குள்ள எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். வீட்டு முதியோருக்கு அவரைப்பற்றித் தெரிந்ததையும் அதனருகே குறித்து வைப்போம். நவம்பரில் இறந்தோர் அனைவருக்காகவும் மன்றாடுகிறோம். இவ்வாண்டு அவர்களுள் ஒருவரையேனும் அவருடைய பெயர் சொல்லி மன்றாட, அந்தத் தாள் நமக்கு உதவும்.