மக்கள் பிரதிநிதிகளின் ஊதியம்

நாட்டின் பொக்கிஷம் வற்றிப்போகும் காலங்களில், ஆளும் பொறுப்பில் இருப்போர் தம் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டாவா என்ற கேள்வி எழுவது இயல்பு. பசித்திருப்பவன், தன் வாக்கினால் பதவி பெற்றவனின் இலையை எட்டிப் பார்க்கத்தான் செய்வான். அதில் குற்றம் காண இடமில்லை. ஆயினும் சரித்திரம் இக்கேள்விக்குத் தரும் விடை அத்துணை எளியதன்று.

1931-ஆம் ஆண்டின் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் வாணிபம் முடங்கியிருந்தது. அந்நாட்டில் மட்டும் வேலையற்றோர் 25 லட்சத்துக்கும் மேற்பட்டிருந்தனர். வரவு செலவில் 12 கோடிப் பவுன் துண்டு விழும் என்று, ஜூலை இறுதியில் வெளிவந்த மே குழுவின் அறிக்கை அச்சுறுத்தியது. செலவைக் குறைக்க அக்குழு கண்ட வழிகளுள் முதன்மையானது, வேலையற்றோருக்கு அளிக்கப்பட்டு வந்த உதவித் தொகையில் கை வைப்பது. தொழிற்கட்சி மந்திரி சபை இதன் பொருட்டே இரண்டாகப் பிளந்தது. ஆகஸ்டு 24-ஆம் நாள் ராம்சே மெக்டொனால்டு பதவி விலகி, எதிர்க்கட்சியினரையும் சேர்த்துக்கொண்டு தேசிய சர்க்காரை அமைத்தார்.

செப்டம்பரில் குறைப்புகள் அறிவிக்கப்பட்டன. வேலையற்றோர் உதவியில் பத்தில் ஒரு பங்கு போயிற்று. ஆசிரியர் சம்பளமும் படைவீரர் சம்பளமும் குறைந்தன. ஏழையிடம் மட்டும் கேட்பது முறையன்று என்று கருதிப் போலும், மந்திரிகள் சம்பளமும் குறைக்கப்பட்டது. பார்லிமெண்டு உறுப்பினர் பெற்று வந்த ஆண்டுக்கு 400 பவுன் 360 ஆயிற்று. மன்னரும் தமக்குரிய மானியத்தில் 50,000 பவுனை விட்டுக்கொடுத்தார்.

கணக்குப் பார்த்தால், 615 உறுப்பினரும் தலைக்கு 40 பவுன் இழந்ததால் மிஞ்சியது 24,600 பவுன். எதிர்பார்த்த பற்றாக்குறையில் இது ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பொக்கிஷத்தை இது நிரப்பும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இருந்தும் இது வீண் செயலன்று. பிறரை வயிற்றைக் கட்டச் சொல்பவன் தானும் சிறிது கட்டவேண்டும் என்னும் நியாயம் அதில் உண்டு. அந்த நியாயம் ஓரிடத்தில் தவறியபோது நிகழ்ந்ததையும் பார்க்கலாம். கடற்படையில் பழைய விகிதப்படி நாளொன்றுக்கு 4 ஷில்லிங் பெற்ற மாலுமிக்கு 3 ஷில்லிங் என்று விதித்தார்கள். நாலில் ஒரு பங்கு வெட்டு! மேலதிகாரிகளுக்கோ அவ்வளவு பங்கு குறையவில்லை. செப்டம்பர் 15-ஆம் நாள் இன்வர்கார்டன் துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களில் மாலுமிகள் கடமைக்குச் செல்ல மறுத்தனர். வெட்டு பத்து சதவிகிதத்துக்கு மேற்போகாது என்று சர்க்கார் இறங்கி வந்தது. அதே மாதம் 21-ஆம் நாள் இங்கிலாந்து தங்க நாணய முறையையே கைவிட்டது.

அந்த 400 பவுன் எவ்வாறு வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1838-இல் சாசன இயக்கத்தார் முன்வைத்த ஆறு கோரிக்கைகளுள், உறுப்பினருக்கு ஊதியம் வேண்டும் என்பதும் ஒன்று. நிலமும் வாடகையும் உடையவர் சம்பளமின்றியே சபையில் அமரலாம். சுரங்கத் தொழிலாளி அமர முடியுமா? பின்னாளில் தொழிற்சங்கங்கள் தம் பிரதிநிதிகளைத் தம் பணத்தால் தாங்கி வந்தன. 1909-இல் பிரபுக்கள் சபை ஆஸ்பர்ன் வழக்கில் அளித்த தீர்ப்பு அந்த வழியையும் அடைத்தது. அதன் பின்னரே, 1911 ஆகஸ்டில், ஊதியம் பிறந்தது. ஆகவே, இடர்க் காலத்தில் பிரதிநிதி தன் ஊதியம் முழுவதையும் துறக்கட்டும் என்பது கேட்பதற்கு இனிமையானது. ஆனால் அதனைத் துறக்கக் கூடியவர் செல்வர் மட்டுமே. 40 பவுனைக் குறைத்து 360-ஐ விட்டுவைத்தார்களே, அதில் விவேகம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த அச்சம் வெறுங் கற்பனையன்று. பண்டைய ஏதென்ஸின் படை சிசிலியில் அழிந்தது கி.மு. 413-இல். பண முடையும் போரும் வாட்டிய அந்நகரில், இரண்டாண்டுகளில், போர்வீரர் தவிர ஏறக்குறைய மற்றெல்லாப் பதவிகளுக்கும் ஊதியம் இல்லை என்று சிலர் மாற்றினர். சிக்கனம் என்றுதான் சொன்னார்கள். ஆட்சி நானூறு பேர் கைக்குள் சென்றது. அவ்வாட்சி சில மாதங்களே நின்றது என்பது வேறு கதை.

நம் நாட்டிலோ கேள்வியே வேறு வடிவில் எழுந்தது. 1930 மார்ச்சில் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், வைசிராயின் மாதச் சம்பளமாகிய 21,000 ரூபாய், சராசரி இந்தியன் வருமானத்தைப் போல ஐயாயிரம் மடங்குக்கு மேற்பட்டது என்று காந்தியடிகள் கணக்கிட்டுக் காட்டினார். பிரிட்டிஷ் பிரதமருக்கும் அந்நாட்டுக் குடிமகனுக்கும் இடையே அது தொண்ணூறு மடங்கே. இங்கிலாந்து தன் சம்பளங்களை வெட்டிய அதே 1931-இல், மார்ச்சு மாதத்தில், கராச்சிக் காங்கிரஸ் ஒரு தீர்மானம் செய்தது: தனித் திறன் வாய்ந்த நிபுணர் நீங்கலாக, அரசு ஊழியர் எவருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் சாதாரணமாகச் சம்பளம் கூடாது. 1937 ஜூலையில் ராஜாஜி சென்னையில் மந்திரி சபை அமைத்தபோது, அந்த 500 ரூபாயே மந்திரிகளின் சம்பளமாயிற்று. வீட்டுக்கும் மோட்டார் வண்டிக்கும் தனிப்படி உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எனினும் இது ஓராண்டுக்கான தியாகமன்று. ஏழை நாட்டுக்கு ஏற்ற நிரந்தர அளவு. நெருக்கடி வந்ததும் தள்ளுபடி செய்வதைக் காட்டிலும் இது கடினமானது. பின்னர் அது நிலைக்கவும் இல்லை.

இங்கிலாந்தின் 360 பவுன், 1934-இல் 380 ஆகி, 1935-இல் மீண்டும் 400-ஐ எட்டியது.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது, இந்தியப் பாராளுமன்ற உறுப்பினர் சம்பளம் ஓராண்டுக்கு 30 சதவிகிதம் குறைக்கப்பட்டது. ஒரு லட்சம் 70,000 ஆயிற்று. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கொண்டு பார்த்தால், இரு சபையினர் அனைவரிடமிருந்தும் ஆண்டுக்குச் சுமார் 28 கோடி ரூபாய். உடன் அறிவிக்கப்பட்ட மற்றொன்று அவ்வளவு பேசப்படவில்லை. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் தொகுதி மேம்பாட்டுக்கென ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் 5 கோடி, இரண்டாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. அதன் தொகை சுமார் 7,900 கோடி. பள்ளிக் கட்டடத்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் செல்ல வேண்டிய பணம் அது, உறுப்பினரின் பணமன்று. 2021 நவம்பரில் அந்த நிதி மீண்டும் தொடங்கப்பட்டது.