கரும்புச் சக்கையும் கவ்வாத்து மிலாறும்

கொஸ்லந்த என்றதும் உலகெங்கும் வாழும் தமிழர்களின் நினைவில் எழுவது, 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்த தோட்டத்து லயங்களை மூடிய மண்சரிவுதான். அந்தத் துயரம் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதே மலைச்சரிவையும் அதன் அடியில் விரியும் சமவெளியையும் இங்கே வேறொரு காரணத்துக்காகப் பார்க்கலாம்.

பெரகலையிலிருந்து இறங்கும் வீதி கொஸ்லந்தயைக் கடந்து, 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியின் அருகாகச் சென்று வெல்லவாயவை அடைகிறது. அவ்வளவில் தேயிலை முடிந்து உலர்வலயம் தொடங்கிவிடும். புத்தளப் பக்கம் திரும்பினால் பெல்வத்தையின் கரும்பு. தெற்கே போனால் செவனகலயின் கரும்பு. மேலே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து செய்கையில் மிலாறு மிஞ்சுகிறது. கீழே சாறு பிழிந்தபின் சக்கை மிஞ்சுகிறது. நெல் விளையும் இடங்களில் வைக்கோல். இவற்றிலிருந்து வாகனத்துக்கு எரிபொருள் வடிக்க முடியாதா என்பது, எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் எழுகின்ற கேள்வி. உண்மையில் அது இருநூறு ஆண்டுப் பழைமையான கேள்வி.

1819இல் பிரான்சிய இரசாயனவியலாளர் ஹென்றி பிரகொனோ பழைய லினன் துணிகளைக் கந்தக அமிலத்தில் கரைத்துச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். சோற்றிலுள்ள மாப்பொருளும் வைக்கோலிலுள்ள செலுலோசும் ஒரே குளுக்கோசுக் கண்ணிகளால் ஆன சங்கிலிகளே. கண்ணிகள் பிணைந்திருக்கும் விதம் மட்டுமே வேறு. அந்தச் சிறு வேறுபாட்டினால்தான் சோறு நமக்கு உணவாகிறது, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. போதாக்குறைக்கு இலிக்னின் என்ற பொருள் செலுலோசைச் சுற்றிக் காவல் நிற்கிறது. ஆகவே முதலில் வெப்பத்தாலும் அமிலத்தாலும் அந்தக் காவலைத் தளர்த்தி, பிறகு சங்கிலியை அறுத்துச் சர்க்கரையாக்கி, அதன்பின்பே மதுவத்தைக் கொண்டு நொதிக்க வைக்க வேண்டும்.

சங்கிலியை அறுக்கும் ஆயுதம் கிடைத்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போரின்போது சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் கூடாரத் துணிகள் விரைவாக உக்கிப் போயின. துணியைத் தின்றது ஒரு பூஞ்சணம். அதை ஒழிக்கும் வழி தேடிய இராணுவ ஆய்வாளர்கள், அது சுரக்கும் நொதியங்கள் செலுலோசைச் சர்க்கரையாக்கும் திறனைக் கண்டு அதை வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த ஆய்வில் ஈடுபட்ட எல்வின் றீஸ் என்பவரின் நினைவாக 1977இல் அதற்கு ட்ரைக்கோடேர்மா றீசெய் என்று பெயரிட்டார்கள். இன்று தொழிற்சாலைகள் இதற்கெனப் பயன்படுத்தும் நொதியங்களில் முதன்மையானவை அந்தக் கூடாரப் பூஞ்சணத்தின் வழிவந்தவையே.

அறிவியல் கைகூடியபின் அரசியல் அவசரப்பட்டது. 2022க்குள் ஆண்டுக்கு 1600 கோடி கலன் செலுலோசு எரிபொருள் என்று 2007இல் அமெரிக்கா சட்டமே இயற்றியது. அந்த இலக்கின் அருகேகூட அது செல்லவில்லை. கன்சாசில் 2014இல் திறக்கப்பட்ட அபெங்கோவா ஆலை ஈராண்டுக்குள் வங்குரோத்தில் முடிந்தது. அயோவாவில் 2015இல் திறந்த டூபோன் ஆலை 2017இல் நின்றது. வயல்களில் சிதறிக் கிடக்கும் சோளத்தட்டையை மண்ணும் கல்லும் கலவாமல் திரட்டி, நனையாமல் காத்து, ஆண்டு முழுவதும் ஆலைக்குத் தொடர்ந்து ஊட்டுவது, ஆய்வுகூடத்தில் பூஞ்சணம் வளர்ப்பதைவிடக் கடினமான காரியம்.

இந்தியாவில் நிலைமை வேறு. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது சில வாரங்களே. உழவர்கள் தாளடியை எரித்துவிடுகிறார்கள்; புகை டில்லியை மூடுகிறது. 2022 ஓகஸ்ட் 10இல் பானிப்பட்டில் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் ஆலை திறக்கப்பட்டபோது, ஆண்டுக்கு 2 இலட்சம் தொன் வைக்கோலிலிருந்து 3 கோடி லீற்றர் எத்தனோல் என்று அறிவித்தார்கள். தொன்னுக்கு 150 லீற்றர். அங்கே வைக்கோல் உண்மையாகவே வேண்டாப் பொருள்.

ஊவாவில் அப்படி எதுவும் இல்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே உத்தரவில் நிறுத்தியபோது, வயலுக்குத் திரும்பும் வைக்கோலின் பெறுமதி விவசாயிகளுக்குத் தெரிந்தது. கவ்வாத்து மிலாறு மண்ணை மூடிக் கிடக்க வேண்டும் என்பார்கள் தேயிலை நிபுணர்கள். அதைத் தலைச்சுமையாக லயத்து அடுப்புக்குக் கொண்டுபோகிறார்கள் பெண்கள். இந்த இழுபறி இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 2022இல் எரிவாயு கிடைக்காமற்போனபோது, விறகு இருந்த வீட்டில்தான் உலை கொதித்தது. மிலாறைக் கழிவு என்று கணக்கெழுதுபவர் அந்த அடுப்பைப் பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

மிஞ்சுவது கரும்புச் சக்கை. அதை எவரும் திரட்ட வேண்டியதில்லை. ஆலை வாசலிலேயே குவிகிறது. பிரேசிலின் பிராசிகாபாவில் 2015இல் திறக்கப்பட்ட ஆலை, சீனி ஆலையை ஒட்டியே அமைக்கப்பட்டதற்குக் காரணம் அதுதான். பெல்வத்தையிலும் செவனகலயிலும் எத்தனோல் புதிதல்ல, ஆனால் அது கழிவுப்பாகிலிருந்து வடிப்பது, சக்கையிலிருந்து அல்ல. 2011இல் இரு ஆலைகளையும் அரசு கையேற்றது. 2020இன் தொடக்கத்தில் எத்தனோல் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது. பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற 2022இலும் இந்த எத்தனோல் வாகனத்தில் ஊற்றப்படவில்லை. அதன் முதன்மையான வாடிக்கையாளர்கள் மதுபானத் தயாரிப்பாளர்களே. திறைசேரிக்கு மதுவரி முக்கியமான வருமானம்.

சக்கையும் சும்மா கிடப்பதில்லை. சாற்றைக் காய்ச்சும் கொதிகலனில் எரிவது அதுதான். அதை எரிபொருளாக வடிக்கப் புறப்பட்டால், பிரிந்து மிஞ்சும் இலிக்னினை எரித்துக் கொதிகலனை ஓரளவுக்கு ஓட்டலாம். குறைவதற்கு விறகோ எண்ணெயோ வாங்க வேண்டிவரும். அந்த விறகு எந்த மலையிலிருந்து இறங்கும் என்பதையும் திட்டம் போடுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.