மேஜையில் அடங்காத போர்

ஆறடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு மேஜை. மேலே பச்சைத் துணி. தெர்மோகோலைச் செதுக்கிப் பெயின்ட் அடித்த குன்று. அதன் அடிவாரத்தில் சிவப்புக் கோட்டு போட்ட ஆங்கிலச் சிப்பாய்கள். ஆள் உயரம் 28 மில்லிமீட்டர்தான்! எதிரே, கேடயமும் ஈட்டியுமாக ஜூலு வீரர்கள். மேஜையைச் சுற்றி நிற்பது சின்னப் பசங்க என்று நினைத்துவிடாதீர்கள். வழுக்கை விழுந்த, மூக்குக் கண்ணாடி போட்ட பெரியவர்கள். ஒருவர் கையில் பகடை, இன்னொருவர் கையில் அளவு டேப். அந்தச் சிப்பாய்களின் கோட்டுப் பட்டனுக்கு வண்ணம் தீட்டவே மாசக்கணக்கில் உட்கார்ந்தவர்கள்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த 'மினியேச்சர் வார்கேம்' பொழுதுபோக்குக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். பழைய போர்களை மேஜை மேல் மறுபடி நடத்திப் பார்ப்பதுதான் விளையாட்டு. அதில் காலனி காலத்துப் போர்களுக்கென்றே தனிக் கூட்டம் உண்டு.

ஆரம்பித்து வைத்தது பிரஷ்ய ராணுவம். ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, அப்பா உருவாக்கிய விளையாட்டைச் சீர்படுத்தி 1824-ல் விதிகளை அச்சிட்டார். வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்த வேண்டும். நடுவில் ஒரு நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பதை, தெரியவேண்டிய நேரத்தில்தான் அவர் சொல்வார். இதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர் எச்.ஜி.வெல்ஸ். ஆமாம், 'டைம் மெஷின்' எழுதினாரே, அவரேதான்! ஈய பொம்மைகளைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு விழத்தட்டுவார். 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று அதற்கொரு புத்தகமும் போட்டார். நிஜப் போரை வெறுத்த மனுஷர். சண்டை போட்டே தீரவேண்டும் என்கிறவர்கள் இப்படி பொம்மையோடு போட்டுக்கொள்ளட்டுமே என்பது அவர் கட்சி. யாரும் கேட்கவில்லை. அடுத்த வருஷமே முதல் உலகப் போர்.

காலனி காலப் போர்களுக்குப் பெரிய கிராக்கி வந்தது 1964-ல் வெளியான 'ஜூலு' படத்துக்குப் பிறகு. 1979-ல் லாரி பிராம் என்ற அமெரிக்கர் 'தி ஸ்வார்ட் அண்ட் தி ஃப்ளேம்' என்ற விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். சாதாரண சீட்டுக்கட்டுதான் அதன் உயிர். சிவப்புச் சீட்டு வந்தால் ஒரு பக்கம் நகரும். கறுப்பு வந்தால் மறுபக்கம். எவ்வளவு தூரம் என்பதைப் பகடை சொல்லும். தளபதி 'போ' என்றால் படை போய்விடாது இல்லையா? அந்தப் பதற்றம் இதில் அப்படியே வந்துவிடுகிறது.

இந்தக் கூட்டத்துக்கு ரொம்பப் பிடித்தமான நாள் 1879, ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவில் இசாண்டில்வானா குன்று. ஆங்கிலத் தளபதி செம்ஸ்ஃபோர்டு பிரபு விடிவதற்கு முன்பே தன் படையில் பாதிக்கு மேல் கூட்டிக்கொண்டு ஜூலுக்களைத் தேடிக் கிளம்பிவிட்டார். முகாமைச் சுற்றி வண்டிகளை நிறுத்தி அரண்கூட அமைக்கவில்லை. அவர் தேடிப்போன சுமார் 20,000 பேரோ முகாமுக்குச் சில மைல் தள்ளி ஒரு பள்ளத்தாக்கில், சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நடத்தி வந்த ந்ட்ஷிங்வாயோவுக்கு வயசு எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. படையோடு படையாக நடந்தே வந்த கிழவர். எருமைக் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைத்து, நடுவில் நெஞ்சால் முட்டும் வியூகம் அவர்களுடையது. முகாமில் இருந்த சுமார் 1,800 பேரில் 1,300-க்கும் அதிகமானோர் செத்தார்கள்.

ரொம்ப நாள் வரை ஆங்கிலப் புத்தகங்களில் இதற்கு ஒரே காரணம்தான்... 'எண்ணிக்கை'. காட்டுமிராண்டிக் கூட்டம் அலையாக வந்து மூழ்கடித்துவிட்டதாம். மேஜையில் ஜூலு பக்கம் உட்காருங்கள், சேதி வேறு. எண்ணிக்கையை மட்டும் நம்பி நேரே ஓட்டினால் துப்பாக்கி வரிசை பொம்மைகளைப் பொறுக்கி எடுத்துவிடும். பள்ளத்தாக்கில் மறைத்து வைக்கணும். கொம்புகள் வளைத்து முடிக்கும்வரை நெஞ்சைப் பிடித்து வைக்கணும். அந்தக் கிழவர் எதை யோசித்தாரோ, அதை நீங்களும் யோசித்தாகணும்.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. 1780, செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர். ஆமாம், மகேந்திர பல்லவனும் புலிகேசியும் மோதினார்களே, அதே புள்ளலூர்தான். கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். ராக்கெட்டுகள் பறந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சிபுரத்தில் பெரிய படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ நேரத்துக்கு வந்து சேரவே இல்லை. பிறகு கனத்த பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டு சென்னைக்குத் திரும்பினார். 'மன்றோ வந்திருந்தால்?' - மேஜைக்கென்றே செய்த கேள்வி. திப்புவுக்கு அந்த வெற்றியில் ஏகப் பெருமை. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அது பெரிய ஓவியமாகவே இருக்கிறது.

எல்லாம் சரி. ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. இந்த விளையாட்டில் பல நேரம் எதிர் நாற்காலியே கிடையாது! வந்தவர்கள் எல்லாரும் ஆங்கிலப் படைக்கே போய்விடுவார்கள். ஜூலுவையோ பட்டாணியரையோ நடுவர் ஓட்டுவார். இல்லாவிட்டால் பகடையே ஓட்டும். ந்ட்ஷிங்வாயோவின் எழுபது வயசு மூளைக்குப் பதிலாக ஒரு பகடை!

அடுத்து, எந்தப் போரை மேஜையில் வைப்பது? இரண்டு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு இருந்தால்தானே விளையாட்டு? ஆக, இசாண்டில்வானாவும் புள்ளலூரும் வரும். அதே ஜனவரி 22-ல் சுமார் 150 பேர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தடுத்து நிறுத்திய ரோர்க்ஸ் டிரிஃப்ட் வரும். சூடானில் 1898, செப்டம்பர் 2-ல் நடந்த ஓம்துர்மான்?

அதையும் போட்டுப் பார்ப்போம். ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம் என்று கணக்கு. கலீஃபாவின் சுமார் 50,000 பேருக்கு 2,500 பொம்மைகள். கிட்சனரின் சுமார் 25,000 பேருக்கு 1,250. கிட்சனரிடம் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகளும் நைல் நதியில் பீரங்கிப் படகுகளும் உண்டு. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கலீஃபா பக்கம் செத்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மேஜையிலிருந்து 500 பொம்மைகளுக்கு மேல் எடுத்துப் பெட்டியில் போடணும். கிட்சனர் பக்கம் செத்தது ஐம்பதுக்கும் குறைவு. இரண்டரை பொம்மைகூட இல்லை!

ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கி இதை யார் விளையாடுவார்கள்? காலனிப் போர்களில் பலதும் இந்த ரகம்தான். விதிப் புத்தகம் எழுதுகிறவர் என்ன பாவம் செய்தார், அவரால் எப்படிச் சமப்படுத்த முடியும்?

அதனால் ஓம்துர்மானில் ஒரு சின்னத் துண்டை மட்டும் நறுக்கி எடுத்துக்கொள்கிறார்கள். 21-வது லான்சர் குதிரைப்படை, சுமார் 400 பேர், கொஞ்சம் பேர்தான் எதிரே என்று நினைத்துப் பாய, பள்ளத்தில் ஒளிந்திருந்தது பெரிய கூட்டம். ஒன்றிரண்டு நிமிஷ மோதலில் 21 பேர் செத்தார்கள். அன்றைக்கு கிட்சனர் இழந்த உயிர்களில் கிட்டத்தட்ட பாதி! இது மேஜைக்குத் தோதான சண்டை. இதற்கென்றே விற்கிற பொம்மைக் குதிரைகளில் ஒன்றின் மேல் 23 வயசு வின்ஸ்டன் சர்ச்சிலையும் உட்கார வைக்கலாம். வாள் வேண்டாம், கையில் மௌசர் பிஸ்டலைக் கொடுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது அவருக்குத் தோள் நழுவிவிட்டது.