கோட்டையும் கொட்டையும்

மட்டக்களப்பு புளியந்தீவுக் கோட்டையை ஒரு முற்பகலில் சுற்றிப் பார்த்துவிடலாம். நான்கு கொத்தளங்கள், இரு பக்கம் வாவி, இரு பக்கம் அகழி. வெளியே வந்து ஒரு பிடி வறுத்த கஜுவை வாயில் போட்டுக்கொண்டால், கோட்டையை முதலில் கட்டிய போர்த்துக்கேயர் விட்டுப்போன இன்னொரு சொத்தையும் பார்த்ததாகிவிடும்.

கஜு தரும் மரமுந்திரிகையின் சொந்த ஊர் வடகிழக்கு பிரேசில். அங்கே துப்பி மக்கள் பழத்தைப் பிழிந்து குடித்தார்கள், கொட்டையைச் சுட்டுத் தின்றார்கள். சுடாமல் கடித்தால் ஓட்டிலுள்ள எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கிவிடும். பிரெஞ்சுத் துறவி ஆந்த்ரே தெவே தம் 1558ஆம் ஆண்டு நூலில் இந்த மரத்தைப் படம் போட்டே காட்டினார்.

அதே நூற்றாண்டில் போர்த்துக்கேயர் அதைக் கோவாவில் இறக்கினார்கள். கோவாக்காரர்களுக்குப் பழம் பிடித்துப்போனது. சாற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சினார்கள், ஃபெனி பிறந்தது. இலங்கையில் வென்றது கொட்டைதான். தேங்காய்ப்பாலில் வெந்து கறியாகி, விருந்துச் சோற்றுக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. வேறு பயிர்கள் முகம் சுளிக்கும் கிழக்குக்கரை மணலிலும் மரம் வேர்விட்டது.

கோட்டை எழுந்தது 1628இல். ஆனால் பழத்துக்கு வெளியே துருத்தி நிற்கும் முந்திரிக்கொட்டை போல, 1602இலேயே ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பெர்கன் இங்கு நங்கூரமிட்டிருந்தார். 1638 மே மாதம் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தரும் சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். பத்தே ஆண்டில் போர்த்துக்கேயர் வெளியே! உடனே ஒப்பந்தமும் எழுதப்பட்டது. பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்துப் படை தங்குவது "அரசன் விரும்பினால்" மட்டுமே என்ற நிபந்தனை அரசனின் பிரதியில் இருந்தது, ஒல்லாந்துப் பிரதியில் இல்லை. பிறகென்ன, சண்டைதான். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். பின்னாளில் கோட்டைக்குள் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நடந்தது.

கொட்டையோ ஊர் ஊராய்ப் போய்க்கொண்டே இருந்தது. 1920களில் இலங்கையிலிருந்து கொல்லம் போன ரோச் விக்டோரியா என்ற வியாபாரிதான் அந்த ஊரின் முந்திரித் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்பார்கள். இன்று கொட்டையை அதிகம் விளைவிப்பது ஐவரி கோஸ்ட், உடைத்துப் பருப்பாக்கி அதிகம் விற்பது வியட்நாம்.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்னும் இருக்கிறார்கள். இலங்கைப் பறங்கியர் நத்தாருக்குச் செய்யும் லவ் கேக்கில் ரவை, முட்டை, பன்னீரோடு நறுக்கிய கஜுவும் தாராளமாக விழும். கோட்டை பார்க்க டிசம்பர் தோதான மாதமல்ல, வாடைமழை கொட்டித் தீர்க்கும். லவ் கேக் சாப்பிட அதைவிட நல்ல மாதம் கிடையாது.